அகன்ற ரிம்மில் மெலிந்த டயர்: எதுவரை பொருந்தும், எங்கே ஆபத்து?

பாசிர் ரிஸ், தெம்பனிஸ் வட்டாரங்களின் பலமாடி கார் நிறுத்துமிடங்களில் அவ்வப்போது கண்ணில் படும் காட்சி இது. பழைய ஹோண்டா ஜாஸ், பெரோடுவா மைவி, சுசுக்கி ஸ்விஃப்ட் போன்ற ஒரு சிறிய கார். சற்றுத் தாழ்த்தப்பட்டிருக்கும். சக்கரங்களில் பளபளப்பான அகன்ற ரிம். ஆனால் அதன்மேல் இருக்கும் டயர் ரிம்மைவிட மெலிந்தது. அதன் பக்கச்சுவர் நேராக நிற்காமல் ஓட்டு வீட்டுக் கூரைபோல உள்நோக்கிச் சரிந்திருக்கும். ரிம்மின் விளிம்பு டயரைத் தாண்டி வெளியே தெரியும்.

பட்டறைகளில் இதற்கு ‘ஸ்ட்ரெச்’ என்று பெயர். இந்தப் பாணி பிரபலமாக உள்ள ஜப்பானில் ‘ஹிப்பாரி’ டயர் என்கிறார்கள். இழுக்கப்பட்டது என்று பொருள். பார்ப்பதற்கு எடுப்பாக இருக்கிறது என்று இளையர்கள் பலர் விரும்புகிறார்கள். அதே காரில் மறுநாள் காலை அம்மாவைக் கோவிலுக்கும் தாத்தாவைப் பலதுறை மருந்தகத்துக்கும் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் இந்த டயர் விவகாரத்தைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரில் பழைய சிறிய கார்களுக்கு இப்படி அலங்காரம் செய்வதற்குப் பின்னால் ஒரு கணக்கும் உண்டு. 2023 அக்டோபரில் ‘ஏ’ பிரிவு வாகன உரிமைச் சான்றிதழ்க் கட்டணம் 106,000 வெள்ளியாக இருந்தது. சான்றிதழுக்கு மட்டும் அந்த விலை என்றால், புதிய காரை மறந்துவிட்டு, இருக்கும் காரின் சான்றிதழையே 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ புதுப்பித்துக்கொள்ளும் குடும்பங்கள் பல. கார் பழையது, இன்னும் பல ஆண்டுகள் ஓட வேண்டும், அதைக் கொஞ்சம் அழகாக்கினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. பழைய ரிம் ஒரு செட் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும். ரிம்மை வாங்கிய பிறகுதான் எந்த டயர் போடுவது என்ற கேள்வி வரும். பெரும்பாலும் தவறு நடப்பது அந்த இடத்தில்தான்.

எண்கள் சொல்வது என்ன

டயரின் பக்கவாட்டில் 175/65 ஆர் 14, அதையடுத்து 82 டி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் தலைமுறை ஜாஸ், மைவி போன்ற கார்களுக்கு நிறுவனமே பொருத்தித் தந்த அளவு இது. 175 என்பது காற்றடைத்த டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 65 விழுக்காடு. ஆர் என்பது டயருக்குள் இழைகள் அமைந்துள்ள ரேடியல் முறையைக் குறிக்கும். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 82 என்பது எடைக் குறியீடு. அந்த எண்ணுக்கு உரிய எடை ஒரு டயருக்கு 475 கிலோ. கடைசி எழுத்து வேக வரம்புக்கானது.

ரிம்முக்கும் தனி எண் உண்டு. பெரும்பாலும் அதன் உட்புறத்தில், ஆரத்தின் பின்பக்கத்தில் பொறித்திருப்பார்கள். 14 x 5.5 ஜே என்றால் 14 அங்குல விட்டம், 5.5 அங்குல அகலம். ஜே என்பது ரிம் விளிம்பின் வடிவத்துக்கான குறி. அகலத்தை ரிம்மின் ஒரு வெளிக்கோடியிலிருந்து மறு கோடிவரை அளப்பதில்லை. டயர் உட்காரும் இரண்டு விளிம்புகளின் உட்புறங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் கணக்கு. ஆகவே, வீட்டில் டேப் வைத்து வெளியிலிருந்து அளந்தால் ஓர் அங்குலம் அளவுக்குக் கூடுதலாகக் காட்டும்.

டயரின் எண்ணிலிருந்து அது எத்தனை அங்குல ரிம்முக்குப் பொருந்தும் என்று நேரடியாகத் தெரியாது. அதற்கென்று தனி அட்டவணைகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் இடிஆர்டிஓ, ஜப்பானில் ஜட்மா ஆகிய அமைப்புகள் ஒவ்வொரு டயர் அளவுக்கும் அனுமதிக்கப்பட்ட மிகக் குறுகிய ரிம், மிக அகன்ற ரிம் ஆகியவற்றை வரையறுத்துள்ளன. டயர் நிறுவனங்களின் கையேடுகளிலும் இதே எண்களைக் காணலாம்.

175/65 ஆர் 14 அளவுக்கு அந்த வரம்பு 5 முதல் 6 அங்குலம். ஜாஸின் சொந்த ரிம் 5.5 அங்குலம், நடுவில் நிற்கிறது. அதே டயரை 6 அங்குல ரிம்மில் போட்டால் ஒன்றும் ஆகாது. ரிம் அரை அங்குலம் அகன்றால் டயரும் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் விரிந்துகொடுக்கும். பக்கச்சுவர் சற்று நிமிர்ந்து நிற்கும். வளைவுகளில் கார் கொஞ்சம் உறுதியாகத் திரும்பும். மெலிந்த டயரை அகன்ற ரிம்மில் போடுவதே குற்றம் என்று சிலர் பேசுவது சரியல்ல. வரம்புக்குள் இருக்கும்வரை தாராளமாகப் போடலாம்.

பிரச்சினை 15 x 7 ஜே ரிம்மில் தொடங்குகிறது. பழைய ரிம் சந்தையில் எளிதாகக் கிடைக்கும் அளவு அது. 7 அங்குலம் என்றால் 177.8 மில்லிமீட்டர். அதில் 165/55 ஆர் 15 டயரைப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜப்பானின் ‘கெய்’ எனப்படும் குட்டிக் கார்களுக்கான டயர் அது. அதற்கு அனுமதிக்கப்பட்ட அகன்ற ரிம் 6 அங்குலம். இங்கோ டயரின் மொத்த அகலத்தைவிட அது உட்கார வேண்டிய இடம் அகலமாக இருக்கிறது. போட முடியுமா என்றால், முடியும். ஆனால் அந்த இணையை டயர் நிறுவனம் சோதித்துப் பார்த்து உறுதி சொன்னதில்லை. சோதனை நடப்பது தெம்பனிஸ் விரைவுச்சாலையில், ஓட்டுபவரின் கையில்.

டயரை ரிம்மில் பிடித்து வைப்பது எது?

பலர் டயர் ரிம்மில் ஒட்டியிருக்கிறது அல்லது ஏதோ ஒரு கொக்கியில் மாட்டியிருக்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. டயரின் உள்விளிம்பில் எஃகுக் கம்பிகள் பொதிந்த தடித்த வளையம் ஒன்று இருபுறமும் இருக்கும். இதைப் ‘பீட்’ என்பார்கள். ரிம்மில் அதற்கென்று லேசாகச் சரிந்த ஓர் இருக்கை உண்டு. உள்ளே அடைத்த காற்று பீட்டை வெளிப்பக்கமாகத் தள்ளி ரிம்மின் விளிம்போடு அழுத்தி வைக்கிறது. அந்த அழுத்தம்தான் டயரைப் பிடித்து வைப்பதோடு காற்று கசியாமலும் தடுக்கிறது. பீட் உள்நோக்கி நழுவாமலிருக்க இருக்கையின் உட்புறத்தில் சின்ன மேடு ஒன்று இருக்கும். அதற்கும் உள்ளே ரிம்மின் நடுவில் பள்ளம். டயரை மாட்டவும் கழற்றவும் அந்தப் பள்ளம் தேவை. ஓடும்போது பீட் அந்தப் பள்ளத்தில் விழுந்துவிட்டால் காற்று ஒரே நொடியில் வெளியேறிவிடும்.

சரியான அளவு ரிம்மில் டயரின் பக்கச்சுவர் வெளிப்புறமாகப் புடைத்திருக்கும். இழைகளின் இழுவிசையும் பீட்டை இருக்கையை விட்டு நகர்த்தாது. ஸ்ட்ரெச் செய்த டயரில் பக்கச்சுவர் உள்நோக்கிச் சரிந்திருப்பதால் இழைகள் பீட்டை எப்போதும் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கின்றன. காற்று வெளியே தள்ளுகிறது, டயரே உள்ளே இழுக்கிறது. காற்று முழுமையாக இருக்கும்வரை காற்றின் கை ஓங்கியிருக்கும்.

வீட்டில் ஒரு முறை பாருங்கள். மெத்தையைவிடச் சிறிய ரப்பர் விரிப்பை நான்கு மூலையிலும் இழுத்து மாட்டிவிடலாம். மாட்டியதும் சுருக்கமே இல்லாமல் அழகாகத்தான் இருக்கும். இரவில் யாராவது புரண்டு படுத்தால் ஒரு மூலை பட்டென்று கழன்றுகொள்ளும். காரில் அந்தப் புரளல் என்பது வளைவில் வேகமாகத் திரும்புவது, விரைவுச்சாலையில் திடீரென்று தடம் மாறுவது, பள்ளத்தில் இறங்குவது. அப்போது காரின் எடை முழுவதும் ஒரு பக்கச் சக்கரங்களில் சாய்கிறது. வெளிப்புற டயரின் சாலையில் படும் பகுதி காருக்கு அடிப்பக்கமாக இழுபடுகிறது. பீட் ஏற்கெனவே அதே திசையில்தான் இழுபட்டுக்கொண்டிருக்கிறது.

இதில் இன்னொரு சூழ்ச்சியும் இருக்கிறது. சாதாரண டயரில் காற்று குறைந்தால் அடிப்பாகம் தட்டையாகிப் பக்கம் புடைக்கும். நிறுத்துமிடத்தில் நடந்துபோகும்போதே கண்ணில் பட்டுவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சொல்லிவிடுவார். ஸ்ட்ரெச் டயர் விறைப்பாக இழுபட்டிருப்பதால் காற்று கணிசமாகக் குறைந்த பிறகும் முன்போலவே நிற்கும். பழைய கார்களில் டயர் அழுத்தத்தைக் காட்டும் விளக்கும் இல்லாமல் இருக்கலாம். ஆக, காற்று குறைவதை மிகச் சீக்கிரம் தெரிந்துகொள்ள வேண்டிய டயரே அதை மறைக்கிறது.

சிலர் இதற்கு மாற்றாகக் காற்றை அளவுக்கு அதிகமாக அடைக்கிறார்கள். பீட் நழுவுவதற்கு அது ஓரளவு தடையாக இருக்கலாம். ஆனால் பக்கச்சுவருக்கு வளைந்துகொடுக்கும் தன்மை ஏற்கெனவே குறைந்துவிட்டது. இப்போது வேகத்தடையின் இடி முழுவதும் ரிம்முக்குப் போகிறது. மலிவான வார்ப்பு ரிம் வெடிப்பு விட அது போதும். ரிம்மின் விளிம்பு டயரைவிட வெளியே இருப்பதால் நிறுத்துமிடக் கல்விளிம்பில் உரசும்போது முதலில் அடி வாங்குவதும் ரிம்தான்.

நான்கு பேர், ஒரு பூட் நிறையப் பொருள்

தோற்றத்தைப் பற்றிப் பேசும் இளையர்கள் எடைக் குறியீட்டைப் பற்றி அநேகமாகப் பேசுவதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மேலே சொன்ன 165/55 ஆர் 15 டயரின் வழக்கமான எடைக் குறியீடு 75. அதாவது ஒரு டயருக்கு 387 கிலோ. கார் நிறுவனம் கொடுத்த டயர் 475 கிலோ தாங்கும். ஒரு சக்கரத்துக்கு 88 கிலோ குறைந்துவிட்டது. நான்குக்கும் சேர்த்தால் 352 கிலோ.

தனியாக ஒருவர் பாசிர் ரிஸ்ஸிலிருந்து லோயாங் வேலைக்குப் போய்வரும்போது இந்தக் குறை தெரியாது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறோம், அல்லது விடுமுறையில் மலாக்கா போகிறோம் என்று நான்கு பெரியவர்கள் ஏறி, பின்னால் பைகளையும் திணித்துக்கொண்டால் நிலைமை வேறு. ஏறக்குறைய 1,050 கிலோ காரில் இன்னும் 350 கிலோ ஏறினால் மொத்தம் 1,400 கிலோ. சமமாகப் பிரித்தாலே சக்கரத்துக்கு 350 கிலோ. ஆனால் எடை ஒருபோதும் சமமாகப் பிரிவதில்லை. பிரேக் போட்டால் முன்னே, வளைவில் பக்கவாட்டில் என்று சாய்ந்துகொண்டே இருக்கும். 387 என்ற எண்ணும் டயரில் குறிப்பிட்ட அழுத்தம் இருந்தால், அனுமதித்த ரிம்மில் இருந்தால் மட்டுமே செல்லும். மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் வெயில் நேரத்தில் மணிக்கு 110 கிலோமீட்டரில் மூன்று மணி நேரம் ஓடும்போது, அதிக எடையும் குறைந்த காற்றும் சேர்ந்தால் டயர் சூடாகிக்கொண்டே போகும். டயர் பிரச்சினைகள் வீட்டுக்கு அருகே வராமல் இப்படிப்பட்ட பயணங்களில் வருவதற்குக் காரணம் அதுதான்.

விட்டத்திலும் மாற்றம் உண்டு. 175/65 ஆர் 14 டயரின் மொத்த விட்டம் 583 மில்லிமீட்டர். 165/55 ஆர் 15 ஏறக்குறைய 562. சுமார் 3.5 விழுக்காடு சிறியது. வேகமானி 90 காட்டும்போது உண்மையில் 87 அளவில்தான் போவீர்கள். வேகக் கண்காணிப்பு கேமராவுக்கு நல்லதுதானே என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் காரின் அடிப்பாகமும் 10 மில்லிமீட்டர் இறங்கிவிடுகிறது. ஏற்கெனவே தாழ்த்திய காரில், பலமாடி நிறுத்துமிடச் சரிவுகளில் அந்த 10 மில்லிமீட்டர் சத்தமாகவே கேட்கும்.

மட்காடு விதியும் அதைச் சுற்றிப்போகும் வழியும்

டயரோ ரிம்மோ மட்காடுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கக் கூடாது என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. சொல்லப்போனால், ஸ்ட்ரெச் செய்வதற்கு இந்த விதியும் ஒரு காரணமாகிவிடுகிறது. கணக்கைப் பாருங்கள். ஜாஸின் சொந்த ரிம் 5.5 அங்குலம், ஆஃப்செட் 45. புதிதாக வாங்கியது 7 அங்குலம், ஆஃப்செட் 38 என்றால் ரிம்மின் வெளிவிளிம்பு 26 மில்லிமீட்டர் வெளியே வருகிறது. உட்புறத்திலும் 12 மில்லிமீட்டர் நகர்கிறது. இதில் சரியான அகலத்தில் டயர் போட்டால் சில கார்களில் மட்காடில் உரசும். அதனால் மெலிந்த டயரைப் போட்டு உள்நோக்கி இழுத்துவிடுகிறார்கள். உரசல் சத்தம் நின்றுவிடுகிறது. ரிம் பொருந்தவில்லை என்று டயர் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அதன் வாயை அடைத்தாகிவிட்டது. ரிம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

சிங்கப்பூரில் கார் 3 ஆண்டுகளைக் கடந்ததும் 2 ஆண்டுக்கு ஒரு முறை சோதனைக்குப் போக வேண்டும். 10 ஆண்டுகளைத் தாண்டினால் ஒவ்வோர் ஆண்டும். சான்றிதழைப் புதுப்பித்த கார்கள் எல்லாம் இந்த இரண்டாவது வகைதான். சோதனைக்கு முன்தினம் பழைய ரிம்மைக் கடன் வாங்கி மாட்டி, தேறியதும் மீண்டும் மாற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சோதனை நாளில் மட்டுமின்றி, சாலையில் ஓடும் ஒவ்வொரு நாளும் விதி பொருந்தும். சாலையோரத்தில் நிறுத்திப் பார்க்கும் அமலாக்க அதிகாரிக்கு ஸ்ட்ரெச் டயர் தூரத்திலிருந்தே தெரியும். சட்டவிரோத மாற்றத்துக்கு அபராதமும் சிறையும் உண்டு. மாற்றிக்கொடுத்த பட்டறையும் பொறுப்பாகலாம்.

ஜோகூர் பாருவில் மலிவாக டயர் மாற்றிக்கொண்டு வருவது நம்மில் பலருக்கு வழக்கம். நல்ல டயர், சரியான அளவு என்றால் அதில் தவறில்லை. ஆனால் அங்கு ஒரு பட்டறை மறுக்காமல் பொருத்திக் கொடுத்துவிட்டது என்பதை இங்கு அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காப்புறுதி விஷயமும் அப்படித்தான். காரில் செய்த மாற்றங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று பாலிசிகளில் பொதுவாகவே ஒரு வரி இருக்கும். விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் முதலில் படம் எடுக்கும் பாகங்களில் டயரும் ஒன்று.

அப்படியென்றால் எதைப் போடுவது?

7 அங்குல ரிம் ஏற்கெனவே கையில் இருந்தால் அதற்கு உரிய டயரைத் தேடுங்கள். 195/50 ஆர் 15 அளவின் வரம்பு 5.5 முதல் 7 அங்குலம். மொத்த விட்டம் 576 மில்லிமீட்டர். பழைய 14 அங்குலச் சக்கரத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சுமார் ஒரு விழுக்காடுதான். வழக்கமான எடைக் குறியீடு 82, நிறுவனம் கொடுத்த அதே 475 கிலோ. இந்த டயர் போட்ட பிறகு ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுமையாகத் திருப்பியும், பின்னால் மூன்று பேரை உட்காரவைத்தும் உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் அந்த ரிம் உங்கள் காருக்கு ஆகாது. விற்றுவிட்டு 6 அங்குலம் வாங்குவது நல்லது. 15 x 6 ரிம்மில் 185/55 ஆர் 15 போட்டால் விட்டம் 584 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட அசல் அளவேதான். எடைக் குறியீடும் 82. எனக்குக் கேட்டால், சிறிய காருக்கு இதைவிடப் பொருத்தமான இணை தேட வேண்டியதில்லை. எந்த இணையானாலும் வாங்குமுன் உங்கள் கார் வகைக்கு அனுமதி உண்டா என்பதை ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவனம் கொடுத்த மெலிந்த டயரோடு அப்படியே இருப்பதும் ஒரு நல்ல முடிவுதான். பார்க்க எளிமையாக இருக்கலாம். ஆனால் டிசம்பர் மாத மழையில் தண்ணீர் தேங்கிய தடத்தில் போகும்போது, அதே தடப்பள்ள ஆழமுள்ள அகன்ற டயரைவிட மெலிந்த டயர் நீரைப் பிளந்துகொண்டு போகும். எரிபொருளும் சற்று மிச்சம்.

பழைய ரிம் வாங்குபவர்கள் அதோடு வரும் பழைய டயர்களை இலவசம் என்று நம்பி அப்படியே ஓட்ட வேண்டாம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் தயாரானது. தடப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படி செல்லாது. பல ஆண்டுகள் வரம்பை மீறி இழுபட்டுக் கிடந்த டயரின் பக்கச்சுவரில், விளிம்புக்கு அருகே, மெல்லிய வெடிப்புகள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

காணொளிகளில் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ரிம்மில் பிடிக்காத டயருக்குள் எரியும் திரவத்தைத் தெளித்துத் தீ வைப்பார்கள். டப் என்ற சத்தத்தோடு பீட் உட்கார்ந்துவிடும். உள்ளே எவ்வளவு அழுத்தம் எழுந்தது, பீட் கம்பி எங்கே அடிபட்டது என்பதை யாரும் அளப்பதில்லை. பட்டறையில் யாராவது உங்கள் டயருக்கு அப்படிச் செய்ய முன்வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சாதாரண இயந்திரத்தில் உட்கார மறுக்கும் டயர் அந்த ரிம்முக்கு உரியதல்ல.

இப்போதே ஸ்ட்ரெச் டயரில் ஓடிக்கொண்டிருப்பவர்கள், மாற்றும்வரை வாரம் ஒரு முறையாவது, கார் ஓடிச் சூடாகும் முன் காற்றைச் சரிபார்க்கவும். சரியான அழுத்தம் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் இருக்கும்; எண்ணெய் நிலையத்துக் காற்றுப் பம்பில் அதே எண்ணைக் கிலோபாஸ்கலில் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த எண் நிறுவனம் கொடுத்த டயருக்கானது. அளவு மாறிய டயருக்கு எவ்வளவு தேவை என்பதை டயர் கடையில் எடைக் குறியீட்டைக் காட்டிக் கேளுங்கள். அதுவரை நான்கு பேரோடு உட்லண்ட்ஸ் கடற்பாலத்தைத் தாண்ட வேண்டாம்.